ஐம்பத்தெட்டைக் குறிவைத்தது யார்?

கொல்ஃப் பந்தைக் கையால் தொட்டுப் பார்த்த ஒருவரும் அந்த மண்டபத்தில் இருந்திருக்க மாட்டார். ஆனாலும் பேசவந்தவர் கொல்ஃபில்தான் தொடங்கினார். அமெரிக்காவில் ஜிம் ஃபியூரிக் என்றொருவர் 2016இல் ஒரு சுற்று ஆட்டத்தை 58 அடியில் முடித்தாராம். 59க்குக் கீழே போக முடியாது என்று உலகமே நினைத்திருக்க, அவர் 58 என்ற எண்ணைக் குறிவைத்து இறங்கினாராம், எடுத்தாராம். "பிள்ளைகளே, நீங்களும் ஓர் எண்ணை எழுதுங்கள். சுவரில் ஒட்டுங்கள். காலையில் எழும்பினதும் அதில் முழியுங்கள்." கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது.

படுவான்கரைப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழா அது. பேசியவர் நல்ல மனிதர், சொல்வன்மை உள்ளவர். அவர் பெயர் இங்கே தேவையில்லை. ஏனென்றால் கருத்து அவருடையது மட்டுமல்ல. பாலம் கடந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் போனால் ரியூசன் கொட்டில்களின் சுவரிலும் அதுதான். பழுகாமத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே பிள்ளையின் மேசைக்கு மேல் "9 ஏ" என்று ஒட்டிய வீடுகளைக் காட்டுவேன். விளையாட்டுப் பயிற்சியாளர் முதல் வங்கி முகாமையாளர் வரை எல்லோர் வாயிலும் இப்போது இந்த மந்திரம்: எண்ணை வை, எட்டு.

நான் சொல்ல வந்தது இது பிழை என்று. சிறிய பிழை அல்ல. பிள்ளைகளைக் கெடுக்கும் பிழை.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகச் சொல்லிவிட்டு அடிப்பது எனக்குப் பிடிக்காது. அவர்கள் சொல்வது இது: மனிதன் "முடிந்ததைச் செய்" என்று விட்டால் முடிந்ததைச் செய்யமாட்டான், சோம்புவான். திட்டவட்டமான, கடினமான எண்ணைக் கொடுத்தால் கூடுதலாகச் செய்வான். இதற்கு ஆய்வும் உண்டு. எட்வின் லொக், கரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்து நிறுவினார்கள். அடுத்தது, சாதனை எண் என்பது ஒரு மனச்சுவர், ஒருவர் உடைத்தால் பின்னால் வருபவர்கள் சுலபமாகப் பாய்ந்துவிடுவார்கள் என்பது. 1954 மே மாதம் ரொஜர் பானிஸ்டர் ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் ஓடினார், 46 நாளில் ஜோன் லாண்டி அதையும் முறியடித்தார், பார்த்தீர்களா என்பார்கள். மூன்றாவதாகக் கொல்ஃபிலிருந்தே ஒரு சாட்சி: சுவீடனின் பயிற்சியாளர் பியா நில்சன் தன் வீராங்கனைகளுக்கு 54 என்ற எண்ணைக் கொடுத்தார், அவரிடம் வளர்ந்த அன்னிகா சோரன்ஸ்டாம் 2001 மார்ச்சில் 59 அடித்தார். கடைசியாக நம் வீட்டுச் சாட்சி: முத்தையா முரளிதரன். 792 விக்கெட்டோடு கடைசி டெஸ்டுக்கு காலி மைதானத்தில் இறங்கி, எட்டு விக்கெட் எடுத்து, 2010 ஜூலை 22 அன்று சரியாக 800இல் நின்றார். குறிவைக்காமலா?

நல்ல வாதம்தான். கேட்கும்போது எனக்கும் ஒரு கணம் கை தட்டத் தோன்றியது.

கொல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டுக் குழி. ஒவ்வொன்றுக்கும் இத்தனை அடியில் பந்தைப் போடவேண்டும் என்று ஒரு கணக்கு, அதற்குப் பெயர் பார். பதினெட்டையும் கூட்டினால் மைதானத்துக்கு மைதானம் பெரும்பாலும் 70, 71, 72 என்று வரும். குறைய அடித்தவன் வெல்வான். "எத்தனை எடுத்தாய்?" என்று பிள்ளையைக் கேட்டே பழகிய நமக்கு, குறைந்தால் சந்தோசப்படும் ஒரு விளையாட்டு இருப்பதே விசித்திரம். எதிராளி பந்தைத் தடுப்பதில்லை, நடுவர் விசில் ஊதுவதில்லை, மனிதனும் பந்தும் ஓர் எண்ணும்தான். அதனால்தான் எண்ணை வணங்குபவர்களுக்குக் கொல்ஃப் இவ்வளவு பிடிக்கிறது. சரி, கொல்ஃபையே எடுத்துப் பார்ப்போம்.

1. உதாரணமே தவறு.

ஃபியூரிக் அந்த 58ஐ அடித்தது 2016 ஆகஸ்ட் 7, கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த டிராவலர்ஸ் போட்டியின் கடைசி நாள். அதற்கு முன் மூன்று நாளும் அவர் அடித்தது 73, 66, 72. போட்டிப் பட்டியலின் அடியில் கிடந்தார். வயது 46. முதல்நாள் மாலை 72 அடித்துவிட்டுப் போன மனிதர் விடிந்ததும் 58ஐக் குறிவைத்தார் என்பதற்கு அவரது ஆட்டத்தில் என்ன தடயம்? இன்னொன்றையும் பேச்சாளர் சொல்லவில்லை: அந்தப் போட்டியில் அவர் வெல்லவில்லை. வரலாற்றுச் சாதனை செய்த மனிதர் ஐந்தாம் இடத்தைச் சிலரோடு பங்குபோட்டுக்கொண்டு வீடு போனார்.

இதைவிடத் தெளிவான சாட்சி பழையது. 59ஐ அமெரிக்கச் சுற்றில் முதன்முதல் அடித்தவர் அல் கைபர்கர், 1977 ஜூன் 10, மெம்பிஸ் நகரம், நெருப்பு வெயில். அந்தப் போட்டியின் நாலு நாள் கணக்கையும் பாருங்கள்: 72, 59, 72, 70. முதல்நாளும் 72, மூன்றாம் நாளும் 72. அதே மனிதர், அதே மைதானம், அதே மட்டை. எண்ணைக் குறிவைத்ததுதான் வெள்ளிக்கிழமை 59ஐக் கொண்டுவந்ததென்றால், சனிக்கிழமை அந்தக் குறி எங்கே போனது?

இதற்குள் மர்மம் ஒன்றும் இல்லை. எட்டடித் தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டிவிட்டால் உலகின் மேல்தட்டு வீரர்களுக்கே ஏறக்குறையப் பாதிதான் விழும். இருபதடி என்றால் ஆறேழில் ஒன்று. அப்படியிருக்க, ஒரு நாளில் பத்துத் தடவை எட்டடியில் நின்றால் வழமையாக ஐந்து விழும். சில நாள் மூன்று. வருடத்தில் எப்போதாவது ஒரு நாள் ஒன்பது. அந்த ஒரு நாளுக்கு வைத்த பெயர்தான் 59. வீரன் செய்ய முடிந்தது, பதினெட்டுக் குழியிலும் எட்டடிக்குள் பந்தைக் கொண்டுவந்து நிறுத்தப் பழகியது. அது பல வருட வேலை. மிச்சத்தைப் புல்லும் காற்றும் செய்தன.

சிப் பெக்கைப் பற்றி யாரும் பரிசளிப்பு விழாவில் பேசுவதில்லை. 1991இல் லாஸ் வேகஸில் 59 அடித்தார், இரண்டாவது ஆள். அதே மனிதர் 1997, 98இல் தொடர்ந்து 46 போட்டிகளில் முதல் சுற்றுக்களோடு வெட்டப்பட்டு, வார இறுதி ஆட்டத்துக்கே தகுதி பெறாமல் திரும்பினார். 59 அவருடைய கையில்தான் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்தால்கூட உதவியிருக்குமா?

2. சுவர் என்று ஒன்று இருந்தால் அது ஏன் உடைந்த பிறகும் நின்றது?

மனச்சுவர்க் கதை கேட்க இனிமையானது. கொல்ஃபில் அது செல்லுபடியாகவில்லை. கைபர்கர் 1977இல் வழி காட்டிவிட்டார். பின்னால் வரிசையாகப் பாய்ந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்த 59 வர 14 வருடம் பிடித்தது. அதற்கடுத்தது டேவிட் டுவல், 1999. அதற்குப் பிறகு மறுபடி 2010 வரை காத்திருப்பு. 2010க்குப் பின் கொஞ்சம் அடிக்கடி வரத் தொடங்கியது உண்மை. ஆனால் அந்த இடைவெளியில் மாறியவை மட்டை, பந்து, உடற்பயிற்சி, வருடத்தில் ஆடப்படும் சுற்றுகளின் எண்ணிக்கை, புல் வெட்டும் யந்திரம். இவ்வளவையும் தள்ளிவைத்துவிட்டு "மனம்தான்" என்பவரிடம் நான் கேட்பது ஒன்று: முதல் பதினான்கு வருடம் எல்லோருக்கும் மனம் பூட்டிக் கிடந்ததா?

பானிஸ்டரும் லாண்டியும்? லாண்டி அதற்கு முன்னரே அந்த எல்லைக்கு இரண்டு செக்கன் அருகில் பல தடவை ஓடியிருந்தார். கதவின் கைப்பிடியில் கைவைத்து நின்றவர் உள்ளே நுழைந்ததை அற்புதம் என்று சொல்லத் தேவையில்லை.

3. 54இன் கதையைப் பாதியில் நிறுத்துகிறார்கள்.

எதிர்த்தரப்பின் ஆகப் பெரிய ஆயுதம் இதுதான், ஆகையால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். பியா நில்சன் சொன்னது அழகான கேள்வி. உன் சொந்த மைதானத்தில் ஒவ்வொரு குழியிலும் ஏதோ ஒருநாள் பாரை விட ஓர் அடி குறைத்து முடித்திருக்கிறாய். பதினெட்டையும் ஒரே நாளில் ஏன் முடியாது? 72இல் பதினெட்டைக் கழித்தால் 54. சோரன்ஸ்டாம் அந்தச் சூழலில் வளர்ந்தவர், ஃபீனிக்ஸ் நகரில் 13 குழியில் ஓர் அடி குறைத்து, மற்ற ஐந்திலும் பார் எடுத்து 59 அடித்தார். எல்லாம் உண்மை.

ஆனால் 54ஐத் தொழில்முறைப் பெருஞ்சுற்று எதிலும் இன்றுவரை ஒருவரும் அடிக்கவில்லை. ஒட்டிப் பார்த்து எட்டும் எண்ணாக இருந்தால் அது தோற்றுப்போன எண். நில்சனும் அப்படி அதைப் பயன்படுத்தவில்லை. அவரும் லின் மேரியட்டும் சேர்ந்து எழுதிய நூலின் தலைப்பே ஒவ்வோர் அடிக்கும் ஒரு நோக்கம் வேண்டும் என்பதுதான். அவர்கள் மாணவிக்குச் சொல்லிக்கொடுத்தது பந்துக்குப் பின்னால் நின்று யோசிக்கும் இடம் ஒன்று, முன்னே வந்து அடிக்கும் இடம் இன்னொன்று, இரண்டையும் கலக்காதே என்று. யோசிக்கும் கோட்டைத் தாண்டிவிட்டால் கணக்கும் இல்லை, பயமும் இல்லை, பந்து மட்டும். அதாவது 54 என்ற எண், "70 அடித்தால் போதும்" என்ற பழைய எண்ணை உடைக்க வந்த சுத்தியல். எண்ணை விரட்ட வந்த எண். அதைத் தூக்கிச் சுவரில் ஒட்டியது நம் ஆட்கள்.

4. அந்த எண் உன்னுடையதா?

கைபர்கரின் மைதானத்துக்குப் பார் 72. ஃபியூரிக்கின் மைதானத்துக்கு 70. ஒருவர் 13 குறைத்தார், மற்றவர் 12. யாருடையது பெரிய சாதனை? கைபர்கர் அடித்த நாளில் பந்தை எடுத்துத் துடைத்து வைத்து அடிக்க அனுமதி இருந்தது. 2024 பெப்ரவரியில் சிலி நாட்டின் கிறிஸ்டோபல் டெல் சோலார் 57 அடித்தார். இடம் பொகோட்டா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீற்றர் உயரம், மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும். நுவரெலியாவில் 1889இலிருந்து கொல்ஃப் ஆடுகிறார்கள், அது ஆறாயிரம் அடிக்கு மேல். கொழும்பில் அடிப்பதும் நுவரெலியாவில் அடிப்பதும் ஒரே 75 ஆகுமா? இதில் எவரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. எண் என்பது மனிதன், மண், காற்று, விதி எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளை. தகப்பன் நான் மட்டும்தான் என்று ஒருவர் உரிமை கோரக்கூடாது.

நம் பிள்ளைகளின் சுவரில் இதைவிட மோசம். உயர்தரம் எழுதும் பிள்ளை "இசட் புள்ளி 2" என்று ஒட்டி வைக்கிறது. இசட் புள்ளி என்ன? அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீ எவ்வளவு விலகி நிற்கிறாய் என்ற கணக்கு. நாடு முழுவதும் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து உன் எண் ஏறும், இறங்கும். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியோ மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் வேறு. மாத்தறையிலும் குருநாகலிலும் எவரோ எழுதப்போகும் விடையைத் தன் இலக்கு என்று ஒட்டி வைத்து, அதைப் பார்த்தபடி தூங்காமல் கிடக்கும் பிள்ளையிடம் "இலக்கு வைத்தால்தான் முன்னேறலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கொல்ஃப் தன் ஆட்களை எப்படி அளக்கிறது என்று பாருங்கள். 2020இல் வந்த உலகப் பொது முறையின்படி ஒருவரின் தரத்தைக் கணிப்பது அவருடைய ஒரே ஒரு சிறந்த நாளை வைத்து அல்ல. கடைசி 20 சுற்றுகளை எடுத்து, அதில் நல்ல எட்டின் சராசரியைப் பார்க்கிறார்கள். அந்தத் தரத்துக்கு ஏற்ப ஆடுவதுகூட நாலைந்து சுற்றுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதும் எல்லோரும் அறிந்தது. எண்ணையே உயிராகக் கொண்ட விளையாட்டு ஒற்றை எண்ணை நம்பவில்லை. நாம் நம்புகிறோம்.

5. ஆய்வு சொன்னது லொறியைப் பற்றி.

லொக்கையும் லேதமையும் மேடையில் இழுப்பவர்கள் அந்தக் கொள்கையின் புகழ்பெற்ற களஆய்வு எதுவென்று சொல்வதில்லை. 1975இல் வெளிவந்தது அது. ஒக்லஹோமாவில் மரக்குற்றி ஏற்றும் லொறிகள் சட்டம் அனுமதித்த பாரத்தில் ஏறக்குறைய 60 வீதம்தான் ஏற்றிக்கொண்டு போயின. ஏற்றுபவர்களிடம் 94 வீதம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் 90ஐத் தொட்டது. அருமை. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. அறுவடை முடிந்து களத்திலிருந்து நெல் மூடை ஏற்றும் உழவு யந்திரத்துக்கும் இது பொருந்தும். "இன்னும் பத்து மூடை கொள்ளும், ஏற்று" என்றால் ஏற்றுவான். வேலை தெரிந்த வேலை. கையில் இருக்கிறது. எண்ணுவதும் சுலபம்.

வேலை தெரியாதபோது? அங்கேதான் லேதமும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களின் நடுவிலிருந்து தங்கள் கொள்கைக்குத் தாங்களே கோடு கிழித்தார்கள். சிக்கலான, இன்னும் கற்றுத் தேறாத வேலையில் "இத்தனை எடு" என்ற குறி உதவுவதைவிடக் கெடுக்கும், அங்கே "இன்னின்ன வழிகளைக் கண்டுபிடி, பழகு" என்ற குறிதான் நல்லது என்று அவர்களின் ஆய்வுகளே காட்டின. பாடசாலையில் இருப்பவன் யார்? இன்னும் கற்றுத் தேறாதவன். அதற்குத்தான் பாடசாலை. ஆக, ஆய்வை முழுக்க வாசித்தால் அது பரிசளிப்பு விழாப் பேச்சுக்கு எதிர்ச்சாட்சி.

6. எண் கண்ணை எடுத்துவிடும்.

இதைத் தர்க்கத்தால் மட்டும் சொல்ல முடியாது. நான் கண்டதைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் மாலையில் மைதானத்துக்குப் போய் ஓடுகிற பிள்ளைகளுக்கு மணிக்கூடு பிடிப்பது என் பழக்கம். புல் மைதானம், சுண்ணாம்புக் கோடு, ஒரு சுற்று 200 மீற்றர். அந்தப் பரிசளிப்பு விழா முடிந்த கிழமை, 800 மீற்றர் ஓடும் ஒரு பிள்ளை இடது மணிக்கட்டின் உட்பக்கம் நீலப் பேனையால் 2.30 என்று எழுதிக்கொண்டு வந்தது. நாலு சுற்று. சுற்றுக்கு முப்பத்தேழரைச் செக்கன்.

முதல் சுற்றை 33இல் முடித்தது. நேரத்தைச் சேமிக்கிறதாம். தேசிகாய் விற்ற காசை மடியில் முடிகிற மாதிரி. இரண்டாம் சுற்று 39. மூன்றாம் சுற்றில் வளைவைத் தாண்டும்போது தோள் காதோடு ஒட்டிவிட்டது, கை குறுக்கே ஆடியது, கண் மணிக்கட்டில். 46. நாலாவது 49. மொத்தம் 2 நிமிடம் 47. இரண்டு கிழமைக்கு முன் எண் ஒன்றும் எழுதாமல் 2.41 ஓடிய பிள்ளை அது. கோட்டைத் தாண்டியதும் விழவில்லை, அழவில்லை. எச்சிலைத் தொட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றது. எழுத்து போகாமல் நீலமாகப் பரவியது.

பிழை பிள்ளையில் இல்லை. எண் இருக்கிறதே, அது சுற்று முடிந்த பிறகுதான் பிறக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பவை தோள், மூச்சு, காலடி, முன்னால் வளைவு. பிறக்காத ஒன்றைப் பார்த்தபடி ஓடினால் இருக்கிற நாலும் தெரியாது. எங்கள் வாவியில் வீச்சுவலை வீசுகிறவர்களைப் பாருங்கள். "இண்டைக்குப் பத்துக் கிலோ" என்று நினைத்துக்கொண்டு எவரும் வலையைத் தோளில் போடுவதில்லை. தண்ணி கலங்கலா, மீன் எங்கே மறியுது, காற்று எந்தப் பக்கம், அவ்வளவுதான் கண்ணில். கிலோ தராசில் வரும்.

வெள்ளாமைக்காரருக்கும் இது தெரியும், தெரியாதது போல் நடக்கும்போது அடிபடுவார்கள். போன தலைமுறையில் என் உறவினர் ஒருவர், பக்கத்து வட்டைக்காரர் ஏக்கருக்கு எடுத்ததைவிட ஐந்து மூடை கூட எடுப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எண் வந்துவிட்டது, இனி எண்ணுக்குத் தீனி போடவேண்டும். யூரியாவை இன்னொரு கை கூட எறிந்தார். பயிர் கறுகறுவென்று எழும்பியது, பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். மறுகா அறக்கொட்டியான் இறங்கியது. மிச்சம் இருந்தது கதிர் பாரத்தில் ஒரு மழைக்கே படுத்துவிட்டது. பயிரைப் பார்த்திருந்தால் நிறமே சொல்லியிருக்கும், பசளை போதும் என்று. அவர் பார்த்தது பக்கத்து வட்டையின் மூடையை.

7. எண் கிடைத்தாலும் என்ன கிடைத்தது?

2010 ஜூலையில் போல் கோய்டோஸ் 59 அடித்தார். உலகம் கொண்டாடியது. அதே நாள், அதே மைதானத்தில் ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர் 60 அடித்தார். கோப்பை ஸ்ட்ரிக்கருக்கு. பத்து வருடம் கழித்து 2020 ஆகஸ்டில் மறுபடி அதே கூத்து: ஸ்கொட்டி ஷெஃப்லர் 59, டஸ்டின் ஜோன்சன் 60, ஒரே நாள். ஜோன்சன் பதினொரு குழியில் பதினொன்றைக் குறைத்திருந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் 57ஆ 56ஆ என்று விரலை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். மிச்சம் ஏழு குழியிலும் வெறும் பார். எண் போயிற்று. அவர் அந்தப் போட்டியை 11 அடி வித்தியாசத்தில் வென்றார்.

நம் நாட்டிலும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. 1997 ஆகஸ்ட், கொழும்பு பிரேமதாச மைதானம், இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952. டெஸ்ட் வரலாற்றின் ஆகக் கூடிய மொத்தம். கடைசி நாள் ஜயசூரிய 326இல் தொடங்கினார், பிரயன் லாராவின் 375ஐத் தாண்டுவதைப் பார்க்கச் சனம் மைதானத்தை நிறைத்தது. 340இல் ஆட்டமிழந்தார். ஆடுகளம் செத்த களம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஐந்து நாள் முடிவில் கையில் மிஞ்சியது ஓர் எண். போட்டியில் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. டெண்டுல்கரின் நூறாவது சதம் இன்னும் கசப்பு: ஒரு வருடத்துக்கு மேல் ஒரு தேசமே அந்த எண்ணைப் பிடித்து உலுக்கியது, 2012 மார்ச்சில் மிர்பூரில் அது வந்தது, 147 பந்தில் 114. போட்டியில் வங்காளதேசம் வென்றது.

முரளி? அவரைத் தவிர்த்துவிட்டுப் போக நான் விரும்பவில்லை. அந்த 800வது விக்கெட்டை நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் எழும்பி நின்று பார்த்தவன், பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்டு மஹேலவின் கைக்குப் போன பந்து. ஆனால் கணக்கைப் பாருங்கள். டெஸ்டில் அவர் வீசியது 44,039 பந்து. 792 விக்கெட்டுக்கும் 800 என்ற எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பகுதியை எடுத்தபோது அப்படியொரு எண்ணை உலகில் எவரும் நினைத்திருக்கவில்லை. கடைசி எட்டுக்கு மட்டும் எண் வந்து நின்றது, அதுவும் ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று இறங்கிய மனிதனுக்கு. எண்ணைச் சுவரில் ஒட்டுபவன் செய்வது இதற்கு நேர்மாறு.

அப்படியானால் பிள்ளை ஒன்றையும் குறிவைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். வைக்கட்டும். கை எட்டுவதை வைக்கட்டும். இன்று நூறு தடவை எட்டடியில் நின்று உருட்டுவேன் என்பது குறி. மூன்றாம் சுற்றில் தோளை இறக்குவேன் என்பது குறி. இரவு இரண்டு கணக்கைப் பிழைவிட்ட இடத்திலிருந்து திரும்பச் செய்வேன் என்பது குறி. இவற்றைச் செய்தேனா இல்லையா என்று பிள்ளைக்கே தெரியும், மாத்தறைப் பிள்ளையைக் கேட்கத் தேவையில்லை. "இதெல்லாம் சின்ன விஷயம், பிள்ளைக்கு உற்சாகம் வராது" என்பார் பேச்சாளர். உற்சாகம் வருவது அவருக்கு, மேடையில். மைதானத்தில் ஒரு பிள்ளைக்கு உற்சாகம் எப்போது வருகிறது என்பதை நான் நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறேன்.

மறுகிழமை அந்தப் பிள்ளை திரும்ப வந்தது. மணிக்கட்டில் எழுத்து இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை, "மூண்டாம் சுத்து வளைவில கையைத் தொங்கவிட்டு ஓடு புள்ள" என்பதைத் தவிர. ஓடியது. நாலாம் சுற்றை முடித்துக் குனிந்து முழங்காலைப் பிடித்தபடியே கேட்டது:

"சேர், எத்தினை?"

"மணிக்கூட்டை அமத்த மறந்திட்டன்."

ஏறிட்டுப் பார்த்தது. நம்பியதா தெரியாது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னது, "வளைவில தோள் இறுகல்ல சேர். அதுக்குப் பிறகு நேர்க்கோட்டிலதான் இறுகினது. அந்த வேப்பமரத்துக்கிட்ட."

வேப்பமரம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்துபோய்ப் பார்த்தோம். மணிக்கூடு என் சட்டைப் பையில், அமத்தியபடியே கிடந்தது.